மேலே ஏறாத ராகம்

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது இரவு ஒன்பதரை இருக்கும். 2020 ஏப்ரல் முதல் வாரம். மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் போட்ட ஊரடங்கிலிருந்து கண்டி இன்னும் வெளியே வரவில்லை. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து போய் ஏறினார். ஏறும்போது திரும்பிப் பார்த்து, "பாப்பா, கேட்டைப் பூட்டு" என்றார். தம்பி கூடவே போனான். கொரோனா காலம் என்பதால் ஆஸ்பத்திரி வாசலோடு அவனை நிறுத்திவிட்டார்கள். வழியெல்லாம் பொலிஸாருக்குத் துண்டைக் காட்டிக் காட்டி, விடியப்புறம் நடந்தே வீடு வந்து சேர்ந்தான்.

அப்பா உள்ளே இருந்த பன்னிரண்டு நாட்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இப்போதுதான் கை வந்தது.

மாரடைப்புத்தான், ஆனால் நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வார்டு மிஸ் போனில் சொன்னார். அதற்குமேல் எங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அந்தச் சும்மா இருத்தல்தான் என்னை உலுக்கியது. சாதாரணக் காலமாக இருந்தால் சோறு கட்டிக்கொண்டு ஓடியிருப்போம், டாக்டர் வருகிற நேரம் பார்த்துப் படிக்கட்டில் நின்றிருப்போம், மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு பார்மசிக்குப் பறந்திருப்போம். இப்போது கேட்டுக்கு வெளியே கால் வைக்க முடியாது. காலையில் பாண் விற்கிற சூன் பான் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போகும். பிறகு மகாவலி ஓடுகிற சத்தம் மட்டும். கண்டியில் வாகனச் சத்தம் இல்லாமல் ஆற்றை நான் கேட்டது வாழ்க்கையில் அப்போதுதான். அம்மா சாமி விளக்கின் முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தார். திரி கருகும்போது தூண்டிவிடுவார். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் இரவு எட்டு மணிக்கு அப்பா தன் பட்டன் போனிலிருந்து எடுத்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்டது ஒரே ஒரு சொல். அதிலேயே குரல் உடைந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அந்தக் கோளறு பதிகத்தைப் பாடேன், கேட்போம்" என்றார்.

அப்பா அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. கட்டுகலைப் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வருவார், விழுந்து கும்பிடுவார், பஞ்சபுராணம் பாடி முடிக்கும் முன்னே செருப்பைத் தேடப் போய்விடுவார். எனக்கோ அந்தப் பதிகம் பள்ளிக்கூடத்துச் சங்கதி. சைவநெறிப் பாடத்துக்காக மனப்பாடம் செய்தது. எங்கள் ரீச்சர் மேசையில் விரலால் தட்டித் தட்டி, ஒருத்தி தப்பினால் எல்லோரையும் முதலிலிருந்து பாட வைப்பார். வெறும் வசனமாக ஒப்பிக்க விடவே மாட்டார். அன்று அது கொடுமையாகத் தெரிந்தது. முப்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, சொற்கள் எனக்கு ஞாபகம் வரவில்லை. ராகம் வந்தது. ராகத்தைப் பிடித்துக்கொண்டு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரீச்சர் எதற்காக அந்தப் பாடு படுத்தினார் என்று அப்போதுதான் விளங்கியது.

பதினொரு பாட்டு. ஐந்தாவதில் ஒரு அடி நழுவியது, ஏழாவதில் வரிசை மாறியது. முடித்தபோது மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு 'டிக்' என்று போன் வைக்கப்பட்டது. மறுநாள் எட்டு மணிக்கு மறுபடி அழைப்பு. "ம், பாடு." இப்படிப் பன்னிரண்டு நாள்.

பகலில் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், அந்தப் பதிகம் எப்படிப் பிறந்தது என்று பெரியபுராணத்தை எடுத்து வாசித்தேன். கதை சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்ததுதான். சம்பந்தரும் அப்பரும் திருமறைக்காட்டில், இன்றைய வேதாரண்யத்தில், தங்கியிருக்கிறார்கள். பாண்டிய நாட்டிலிருந்து அரசி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் ஆள் அனுப்பிச் சம்பந்தரை மதுரைக்கு அழைக்கிறார்கள். அப்பர் தடுக்கிறார். நாளும் கோளும் சரியில்லை, இப்போது போகவேண்டாம் என்கிறார். அதற்குப் பதிலாகச் சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம்.

இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் கண் சம்பந்தர் மேல்தான் இருந்தது. சின்னப் பிள்ளை, எவ்வளவு தைரியம் என்று. அந்த ஏப்ரலில்தான் அப்பரைப் பார்த்தேன். அவர் கிரகத்துக்குப் பயந்த கோழை இல்லை. சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்டவர், நஞ்சு கொடுக்கப்பட்டவர், யானையின் முன் நிறுத்தப்பட்டவர், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர். அத்தனையையும் தன் உடம்பில் தாங்கியவருக்கு, ஒரு பிள்ளையை அதைச் செய்வித்த அதே சமணத் தரப்பு இருக்கிற ஊருக்கு அனுப்ப மனம் வரவில்லை. தன் உயிருக்கு வராத பயம் இன்னொருவர் உயிருக்காக வருகிறது. அந்தக் கதையில் நடுங்குகிறவர் பயணம் போகிறவர் அல்ல, வாசலில் நின்று வழியனுப்புகிறவர். கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே நிற்கிறவர். பதிகம் பாடப்பட்டது அவருக்காக.

இது எனக்குப் பட்ட அன்று பின்படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகை.

பதிகத்தின் உள்ளே போனால் இன்னொன்று தெரியும். "பயப்படாதே" என்று அது ஓரிடத்திலும் தலையில் தட்டவில்லை. பயப்படக்கூடியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. கிரகங்கள், நட்சத்திரங்கள், எமனின் தூதர்கள், கொடிய நோய்கள், இடி, மின்னல், பூதம், புலி, யானை, பாம்பு, கரடி, காய்ச்சல், குளிர், வாதம், பித்தம். எட்டாவது பாட்டில் இலங்கை அரசனும் வருகிறான். வரிசையில் நிற்க வைத்து எண்ணுவதுபோல எண்ணி, எல்லாம் அடியாருக்கு நல்லவையே என்று முதல் ஒன்பது பாட்டின் கடைசியிலும் இறக்கி வைக்கிறது. இரவு இரண்டு மணிக்கு முழித்துக் கிடக்கிறவர்களுக்குத் தெரியும், பெயர் இல்லாத பயம்தான் தாங்க முடியாதது. பெயர் சொல்லிவிட்டால் அது ஒரு புலி, ஒரு காய்ச்சல். அளவுக்குள் வந்துவிடுகிறது.

அம்பிட்டியவில் இருக்கிற என் சிநேகிதி கத்தோலிக்கப் பெண். அந்த வாரம் போனில் இதைச் சொன்னபோது, தன் வீட்டில் 91ஆம் சங்கீதம் பாடுவதைச் சொன்னாள். முந்தைய வருடம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டிருந்தபோது, அவள் அம்மா சமையலறையில் நின்றபடி அதைத்தான் பாடிக்கொண்டிருந்தாராம். எடுத்து வாசித்தேன். அதிலும் ஒரு வரிசை: இரவில் வரும் பயங்கரம், பகலில் பறக்கும் அம்பு, இருளில் நடமாடும் கொள்ளைநோய், சிங்கம், பாம்பு. திருமறைக்காட்டுப் பிள்ளையும் எபிரேயப் புலவரும் ஒரே பட்டியலை வேறு வேறு கரையில் உட்கார்ந்து எழுதியதுபோல இருந்தது.

ராகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கோளறு பதிகத்தின் பண் பியந்தைக் காந்தாரம். ஓதுவார்கள் இன்று அதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். நவரோசு ஒரு விசித்திரமான ராகம். மந்தர பஞ்சமத்தில், அதாவது கீழ்ப் பஞ்சமத்தில், தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடும். மேல் ஸட்ஜத்தைத் தொடவே தொடாது. மற்ற ராகங்கள் மலை ஏறும், இது வீட்டுக்குள்ளேயே நடக்கும். தொண்டையைக் கிழிக்க வேண்டியதில்லை. அழுது அடைத்த குரலாலும் பாடலாம். போனில் கிசுகிசுவென்றும் பாடலாம். தாலாட்டுப் பாட்டுக்களைப் பாடகர்கள் இந்த ராகத்தில் அமைப்பது வழக்கம். இன்னொன்றையும் பிறகு கவனித்தேன். சூலை நோயால் துடித்த அப்பர், தமக்கை திலகவதியார் கையால் திருநீறு வாங்கிக்கொண்டு திருவதிகையில் பாடிய முதல் பதிகத்தின் பண் கொல்லி. பாண்டியனின் வெப்பு நோய் தீரச் சம்பந்தர் பாடிய திருநீற்றுப் பதிகத்தின் பண் காந்தாரம். இந்த இரண்டையும்கூட ஓதுவார் மரபில் நவரோசில்தான் பாடுகிறார்கள். வயிற்றுவலி, காய்ச்சல், வழிப்பயணத்துப் பயம். மூன்றுக்கும் நம் ஆட்கள் கையை நீட்டியது தாலாட்டு ராகத்துக்கு. வீரமான, உச்சத்தில் நின்று முழங்குகிற ராகங்கள் எத்தனையோ இருக்க, இது வந்து வாய்த்திருக்கிறது.

தாலாட்டு என்றதும் எனக்கு அம்மாயி ஞாபகம். கலகாப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கு எட்டு வயதில் தம்பிக்கு அம்மை போட்டது. லயத்து வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, அம்மாயி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டுப் பாடினார். மூன்று தண்ணி ஊற்றி முடிகிற வரைக்கும், ராத்திரி ராத்திரியாக. நோயைக் கொடுத்தவள் என்று நம்புகிற தெய்வத்தைத் திட்டவில்லை, விரட்டவில்லை. தொட்டிலில் போட்டு ஆட்டுகிறார்கள். அவள் தூங்கினால் காய்ச்சல் தணியும். அந்தப் பாட்டில் அம்மன் தூங்கினாளோ இல்லையோ, தம்பி தூங்கினான், நான் தூங்கினேன், சுவருக்கு அந்தப் பக்கத்து லயத்துக் காம்பராவிலும் தூங்கியிருப்பார்கள்.

பலிக்காமல் போனதையும் சொல்லிவிடுகிறேன். அதே அம்மாயிக்காக நானும் பாடினேன், அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது. அவர் எழும்பவில்லை. பாடினால் பிழைப்பார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். பாடாமல் அந்த இரவைக் கடந்திருப்பேன் என்றும் நான் நம்பமாட்டேன்.

பாடவிடாமல் போன ஒரு இரவும் உண்டு. 1983 ஜூலை, தமிழருக்கு எதிரான கலவரம். நான் நான்கு வயதுக் குழந்தை, எனக்கு நேரடி ஞாபகம் கம்மி. கண்டி நகரத்துக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாயி எங்களோடு தங்க வந்திருந்தார். கடைகள் எரிந்த இரவு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் ஒரே அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். அம்மாயி தாலாட்டை எடுத்தபோது அப்பா அவர் வாயைப் பொத்தினார். சத்தம் வெளியே போனால் தமிழ் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு விடிகிற வரைக்கும் அம்மாயியின் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது என்று அம்மா சொல்வார். மாமியார் வாயைப் பொத்திய அந்தக் கையைப் பற்றி அப்பா ஒருநாளும் பேசியதில்லை.

கண்டியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாராயணச் சத்தம் புதிதல்ல. விடியற்காலை றேடியோவில் பௌத்தப் பாராயணமான பிரித் ஓடும், அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் பல் விளக்குவோம். மூன்று வேளையும் தலதா மாளிகையில் தேவாவப் பூசைக்குப் பறை கொட்டும். வாவிக்கரையில் நடக்கும்போது அந்தச் சத்தம் தண்ணீர் மேல் வரும். அந்த ஏப்ரலில் எங்கள் பக்கத்து வீட்டில் ரதன சூத்திரம் நாள் முழுவதும் ஓடியது. அதற்கும் ஒரு பயத்தின் கதை உண்டு. வைசாலி நகரத்தில் பஞ்சம், பேய்பிசாசு, கொள்ளைநோய். புத்தர் இந்தச் சூத்திரத்தை ஆனந்தருக்குக் கற்றுக்கொடுக்க, அவர் இரவெல்லாம் ஓதிக்கொண்டு, புத்தரின் பாத்திரத்துத் தண்ணீரைத் தெளித்தபடி நகரத்தைச் சுற்றி நடந்தார் என்பது பௌத்த உரைகளின் கதை. இலங்கையில் உபதிஸ்ஸ மன்னன் காலத்தில் பஞ்சமும் நோயும் வந்தபோது, பிக்குமார் அதையே ஓதிக்கொண்டு அநுராதபுரத்தை வலம்வந்தார்கள் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது போஜ்ஜங்க பிரித். நோயாளியின் பக்கத்தில் ஓதுவது. மகாகாசியபர் நோயில் கிடந்தபோது புத்தர் போய் ஓதினார். மொக்கல்லானருக்கும் ஓதினார். பிறகு புத்தரே நோயில் விழுந்தபோது, மகாசுந்தரைக் கூப்பிட்டு, நீ எனக்கு ஓது என்றார். அந்தப் போதனையை உலகத்துக்குக் கொடுத்தவரே அவர்தான். ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாததல்ல. உடம்பு முடியாதபோது அதையே இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்திருக்கிறது. முழு இரவுப் பிரித்தில் பிக்குமார் இரண்டிரண்டு பேராக முறை மாற்றிக்கொள்வார்கள். ஒரு சோடி எழுமுன் அடுத்த சோடி தொடங்கிவிடும். கீழே உட்கார்ந்திருக்கிற சனங்கள் எல்லோர் கையிலும் ஒரே வெள்ளை நூல் ஓடும். மூன்று நான்கு சுரங்களுக்குள்தான் அந்த ஓதல் போய்வருகிறது. அதுவும் மேலே ஏறுவதில்லை.

உடம்பில் இது என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். 2001 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் லூச்சியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய வைத்தியரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் திபெத்திய மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறளவில் இறங்கி, இதயத்தின் துடிப்பு அதோடு இசைந்து சீரானது. கடிகாரத்தை வைத்து நானும் எண்ணிப் பார்த்தேன். பதிகத்தின் ஓர் அடி எனக்கு ஒரு மூச்சு. ஐந்தாறு அடிக்குள் தோள்பட்டை இறங்கிவிடும். மருந்து அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. மூச்சை மட்டும் எண்ணச் சொல்லியிருந்தால் நான் பன்னிரண்டு நாள் எண்ணியிருக்கமாட்டேன்.

அப்பா வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார், தாடி நரைத்திருந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு அவர் இல்லாததால் வைக்காமல் விட்ட பால்பொங்கலை அன்றைக்கு வைத்தோம். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு புதிய இலக்கத்திலிருந்து அழைப்பு. அப்பாவின் பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெரியவர். பதுளை ரயிலில் கார்டாக வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஹட்டனிலும் நானுஓயாவிலும் கிடந்து தமிழ் பழகியவர். "துவே, நான் அங்கிள்" என்றார். அப்பாவை விசாரித்தார். பிறகு மெதுவாக, "ராத்திரி எட்டு மணிக்குப் பாடுவீங்களே, அது எந்தப் பிரித்?" என்று கேட்டார்.

அப்பா எல்லா இரவும் இரண்டாவது பாட்டிலேயே தூங்கிப்போயிருக்கிறார். பெரியவர் எழும்பி, போனை அவர் கையிலிருந்து எடுத்து, மீதி ஒன்பது பாட்டையும் தான் கேட்டுவிட்டு, முடிந்ததும் வைத்திருக்கிறார். அந்த 'டிக்' அவருடையது. நடுவில் வைத்தால் பாடுகிற பிள்ளைக்கு மனம் பதறும் என்று வைக்கவில்லையாம். பிறகு தன் போனில் போஜ்ஜங்க பிரித்தைச் சின்னச் சத்தத்தில் போட்டு, போனை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்த லாச்சிமேல் வைப்பாராம்.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். "தூங்கிட்டீங்கன்னா, எதுக்கு என்னைப் பாடச் சொன்னீங்க?"

பேப்பரை மடித்தார். "உன் குரல் நடுங்குச்சு பாப்பா. பாட ஆரம்பிச்சா நின்னுடும்னு தெரியும். ரெண்டு பாட்டுக்குள்ள நின்னுடும். அதுக்கப்புறம் எனக்கு நிம்மதி."

போன வருடம் அந்தப் பெரியவர் மறுபடி எடுத்தார். அவருடைய நோனாவுக்கு, மனைவிக்கு, மறுநாள் காலையில் ஒப்பரேஷன். வார்டில் தூக்கம் வராமல் கிடக்கிறாராம். "அன்றைக்குப் பாடினதைப் பாடமுடியுமா துவே? நான் போனை அவங்க பக்கத்தில பிடிக்கிறேன்."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே அங்கிள்."

"பிரித் பாளியில்தானே இருக்கு. அது எங்களுக்குப் புரியுதா?"

நான் தயங்கினேன். அந்தப் பன்னிரண்டு இரவுகளைப் பற்றித் தெரியவந்ததிலிருந்து ஒன்று என் நெஞ்சில் கிடந்தது. சம்பந்தர் பதிகங்களில் பத்தாவது பாட்டு பெரும்பாலும் பௌத்தரையும் சமணரையும் மறுக்கிற பாட்டு. கோளறு பதிகத்திலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் யோசிக்காமல் பாடியது. ஒரு பௌத்தப் பெரியவர் என் அப்பாவின் போனைக் காதில் வைத்துக்கொண்டு அதையும் கேட்டிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் கூசியது. இப்போது சொல்லாமல் பாடினால் அது சரியில்லை.

"அங்கிள், பத்தாவது பாட்டில உங்க சமயத்தவங்களை எங்க சாமி வாதத்தில தோற்கடிக்கிற மாதிரி வருது. முன்னேயும் சொல்லாமப் பாடிட்டேன். அதை மட்டும் விட்டுட்டுப் பாடவா?"

மறுமுனையில் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

"வாதத்திலதானே?" என்றார்.

"ஆமா. வாதத்திலதான்."

"அப்ப ஒண்ணும் விடவேணாம். முழுசாப் பாடுங்க."

போனைச் சாமிப் படத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். அம்மா திரியைத் தூண்டிவிட்டு உட்கார்ந்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சன்னல் திறந்திருந்தது. எழுந்து போய்ச் சாத்தவில்லை. மந்தர பஞ்சமத்தில் தொடங்கினேன். இரண்டாவது பாட்டு முடியும் முன்னே அப்பா தூங்கிப்போனார்.